மரம் எண் ஒன்று நலமாக உள்ளது

ஆற்றைப் பாடி, நாட்டைப் பாடி, அதன் பின்னரே நகரைப் பாடுவது முன்னோர் வகுத்த முறை. சாந்தா ரூஃபினா நகரைப் பாட வருபவர் அம்முறையில் நிற்க இயலாது. பரகுவாய் ஆறு அந்நகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. நாடோ வேறு வேலையாக இருக்கிறது. ஆகவே நகராட்சியிலிருந்து தொடங்குவதே முறை. நகராட்சியை வணங்கினால் எல்லாத் தெய்வங்களையும் வணங்கியதாகும் என்பது நகராட்சியின் கொள்கை.

அந்த நகராட்சியிடம் மரங்களைப் பற்றிப் பழைய விதி ஒன்று இருந்தது. ஒரே வரி: "பொது இடத்து மரத்தை வெட்டுகிறவன் தண்டிக்கப்படுவான்." எழுபது ஆண்டுகளாக அந்த ஒற்றை வரியின் காவலில் தெருவோர மாமரங்கள் காய்த்தன, லபாச்சோ மரங்கள் பூத்தன, சில வெட்டவும்பட்டன. எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது என்பதே அவ்விதியின் பெருங்குறை என்று கண்டுபிடித்தவர் டாக்டர் குமெர்சிந்தோ ஒவேலார். சட்டம் படித்தவரை அவ்வூரில் டாக்டர் என்பார்கள். நோயாளி யார் என்பது போகப் போகத் தெரியும். நகர வனக் காப்பு இயக்ககத்தின் இயக்குநராகிய அவர், பதினெட்டு மாதம் முயன்று, அந்த ஒற்றை வரியை இருநூற்றுப் பதினான்கு பக்கங்களாகப் புதுப்பித்தார். நாட்டின் சட்டப்படி விதி இரு மொழிகளில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வலிமை ஒன்றே. ஸ்பானிய மொழியில் அவரே எழுதினார். குவரானி மொழியில் எழுதும் பொறுப்பு, அம்மொழியை வீட்டில் பேசுகிறவன் என்ற குற்றத்துக்காக, மர ஆய்வாளன் நிமியோவின் தலையில் விழுந்தது.

நகராட்சி மாளிகைக்கு எதிர் மூலையில் லபாச்சோ மரம் ஒன்று நின்றது. மூன்று ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதன் கீழே உரலும் உலக்கையுமாக இருபத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவள் எர்மெலிந்தா. ஊரார் மரியாதை சேர்த்து ஞா எர்மெலிந்தா என்பார்கள். பச்சை மூலிகைகளை இடித்து, தெரெரே என்னும் குளிர்ந்த இலைப்பானம் குடிக்க வருபவர்களின் பனிக்கட்டி நீர்க் கூஜாவில் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். வயிற்றெரிச்சலுக்கு ஓர் இலை, மண்டைக் குத்தலுக்கு ஒரு வேர், முன்தினத்துக் குடிக்கு இரண்டும். நகராட்சி ஊழியர்களில் பாதிப் பேர் காலையில் அவளிடம் இடித்து வாங்கிக்கொண்ட பின்புதான் அலுவலகத்துக்குள் நுழைந்து ஊரை இடிக்கத் தொடங்குவார்கள். பக்கத்தில் இன்னோர் உரல். அது ஞா தெக்லாவுடையது. அவள் உலக்கையைவிட நாக்கு பலமானது.

அந்த நகரத்துக்குக் கோடை ஜனவரியில்; வடகாற்று வீசும்போது வெயில் நாற்பத்திரண்டு பாகையைத் தொடும். வெட்டவெளியில் வைத்த பச்சிலை ஒரு மணி நேரத்தில் கருகும். லபாச்சோவின் நிழலில் வைத்தால் மாலை வரை ஈரம் காக்கும். எர்மெலிந்தாவின் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த நிழலால். இதைச் சொல்ல அவளுக்கு இருநூறு பக்கம் தேவைப்படவில்லை.

முந்தின ஆண்டில்தான் மரத்துக்குக் கேடு வந்தது. டாக்டர் ஒவேலார் அப்போது நடைபாதை அழகுக் குழுவுக்கும் தலைவர். 'பசுமை நடைபாதை' என்று பெயரிட்டு, மூலை முழுவதும், மரத்தின் கழுத்து வரைக்கும், ஒரு விரல் நுழைய இடமின்றிச் சிமெண்ட் பூசச் செய்தார். பசுமைக்கு என்ன சான்று என்று எவரும் கேட்டுவிடக் கூடாதே என்று சிமெண்டுக்குப் பச்சை வண்ணமும் அடிக்கச் செய்தார். அடுத்த ஆகஸ்டில், உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூக்க வேண்டிய மரம், ஒரே கிளையில் பூத்தது.

"பூவெல்லாம் ஒரு கையில நிக்குது பாரு," என்றாள் எர்மெலிந்தா. "மிச்சக் கையெல்லாம் வாதம் வந்து விழுந்த மாதிரி இருக்கு."

"தண்ணி உள்ள போனாத்தானே? நீ ஊத்துற வாளி சிமெண்டு மேல ஓடி, ரோட்டுல படுத்திருக்கிற நாய்க்குத்தான் காலு குளிருது."

"ஒரு கை அகலம் போதும் தெக்லா. சுத்திவர ஒரு கை அகலம் ஒடச்சு எடுத்துட்டா பொழச்சுக்கும்."

"என் மருமகன்கிட்ட கடப்பாரை இருக்கு. மருமகனால ஆகுற உதவி அது ஒண்ணுதான்."

செப்டம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, எர்மெலிந்தா முதல் குத்துக் குத்தினாள். சிமெண்டில் ஒரு கீறல் விழுந்தது. இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கியபோது எதிர் மாளிகையிலிருந்து ஊதல் சத்தம் கேட்டது. மார்பில் தடித்த புத்தகம் ஒன்றை அணைத்துக்கொண்டு நிமியோ ஓடி வந்தான். நாற்பத்தைந்து வயது, பணிவினால் அறுபதாகத் தெரிபவன்.

"ஞா எர்மெலிந்தா! நிறுத்துங்க, நிறுத்துங்க! நல்ல சேதி!"

"நல்ல சேதிக்கு எதுக்கு தம்பி விசிலு?"

"இன்னிக்குக் காலைல எட்டு மணியிலேருந்து இந்த மரம் காக்கப்பட்ட மரம். ஊருக்கே முதல் மரம். எண் ஒண்ணு!"

எர்மெலிந்தா கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி இட்டாள். "மாதா கண்ணத் தொறந்துட்டா. அப்போ சிமெண்ட நீங்களே ஒடச்சுடுவீங்களா?"

"அய்யோ, இல்ல. நீங்க முதல்ல கடப்பாரையக் கீழ வைங்க. மரத்தச் சுத்தி நாலு மீட்டருக்கு வேர்க் காப்பு எல்லை. அதுக்குள்ள தோண்டுறது, ஒடைக்கிறது, கிளறுறது எல்லாம் குத்தம்."

"சிமெண்டு போட்டது?"

"அது எல்லை வர்றதுக்கு முந்தி போட்டது. இப்போ அதுவும் எல்லைக்குள்ள வந்துட்டதால, அதுவும் காக்கப்பட்டது."

"நேத்து நான் ஒடச்சிருந்தா?"

நிமியோ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "நேத்து யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, ஞா."

"நேத்து ஞாயித்துக்கிழம. பூசைக்குப் போயிட்டேன்."

"பாத்தியா," என்றாள் தெக்லா, "சாமிக்கு ஒரு நாள் ஒதுக்கினா என்ன கெதின்னு."

இவ்வாறாக மரம் காப்பாற்றப்பட்டது. எர்மெலிந்தா கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முறைப்படி அனுமதி கேட்பது என்று முடிவு செய்தாள். அது அவள் செய்த ஒரே பிழை. கேட்டால் அரசாங்கம் கொடுக்கும் என்று நம்பினாள்.

அனுமதி கேட்க, மரம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாக, அதன் சுற்றளவு தெரிய வேண்டும். மூன்றாம் விதி சொன்னது: "சுற்றளவு, தரையிலிருந்து மார்பு உயரத்தில் அளக்கப்படும்." எவருடைய மார்பு என்று சொல்லவில்லை. ஐவர் குழு மூன்று வாரம் அமர்ந்து ஆராய்ந்தது. மரங்கள் அனைத்தும் இயக்குநரின் பொறுப்பில் உள்ளமையால் இயக்குநரின் மார்பே சட்டத்தின் மார்பு என்று தீர்ப்பாயிற்று. டாக்டர் ஒவேலார் குள்ளமானவர். உயரக் குதி வைத்த காலணி அணிபவர். காலணியோடு அளப்பதா, கழற்றி அளப்பதா என்பதில் மேலும் ஒன்பது நாள் சென்றது. முடிவில், அவர் மார்பு உயரத்துக்குக் கோல் ஒன்று செதுக்கி, முனையில் பித்தளைப் பூண் போட்டு, நிமியோவிடம் ஒப்படைத்தார்கள்.

அவன் அதை இரு கைகளாலும் ஏந்தி வந்து மரத்தின் பக்கத்தில் நிறுத்தினான்.

"என்ன தம்பி இது?"

"டாக்டரோட மார்பு. கொஞ்சம் மரியாதையா நில்லுங்க."

தெக்லா கோலைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஆளவிட இது நிமிந்து நிக்குதேப்பா."

அளவு எடுத்தாயிற்று. அடுத்து எண் பலகை. இரும்புத் தகட்டில் வெள்ளை எழுத்து: "மரம் எண் 1. காக்கப்பட்டது. இம்மரத்தில் ஆணி அடிப்பது தண்டனைக்குரிய குற்றம்." ஆறங்குல ஆணிகள் நான்கினால் அதனை மரத்தில் அடித்துப் பொருத்தினார்கள். ஆணி இறங்கிய இடங்களில் பிசின் வடிந்தது. எர்மெலிந்தா தன் தலைத்துணியை அவிழ்த்து அதைத் துடைத்தாள். துடைப்பது, பதினோராம் விதியின்படி, மரத்தின் சுரப்பில் குறுக்கிடுவதாகும் என்று நிமியோ தலைகுனிந்து சொன்னான். ஆனால் அவளை எழுதிக்கொள்ளவில்லை. அவன் அதுவரை காட்டிய வீரம் அவ்வளவுதான்.

அக்டோபரில் வேலி வந்தது. நான்கு மீட்டர் தள்ளி இரும்புக் கம்பி வேலி. அதற்குச் சிமெண்ட் அடித்தளம். உரல்கள் இரண்டும் வேலிக்கு வெளியே, வெயிலில் வைக்கப்பட்டன.

"நிழல்ல ஒரு ஓரமா குந்திக்கிறோம் தம்பி. மரத்தத் தொட மாட்டோம்."

"நிழல் மரத்தோட உறுப்புன்னு விதியில இருக்கு. மரம் காக்கப்பட்டா நிழலும் காக்கப்பட்டது. அத யாரும் பயன்படுத்தக் கூடாது."

"அப்போ நிழல என்ன பண்ணுவீங்க?"

"ஆண்டுக்கு ஒருமுறை அளப்போம்."

எர்மெலிந்தா அன்று முதல் வெயிலில் இடித்தாள். பத்து மணிக்குள் புதினா சுருண்டது; பதினொரு மணிக்குள் வாடிக்கைக்காரர்களும் சுருண்டார்கள். அதைக்கூட அவள் பொறுத்தாள். வேலிக்கு உள்ளே, எவரும் உட்காராத நிழல், நாளுக்கு நாள் பொத்தல் விழுந்த துணிபோல் ஆகிக்கொண்டு வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அக்டோபர் மாதத்தில், புதுத் தளிர் தழைக்க வேண்டிய வேளையில், லபாச்சோ இலை உதிர்த்தது.

நவம்பரில் மக்கள் கருத்துக் கேட்பு மன்றம் கூடிற்று. வெளியே அனல், உள்ளே குளிரூட்டி. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். டாக்டர் ஒவேலாருக்கு நேரம் குறிக்கப்படவில்லை. அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

"அன்பார்ந்த குடிமக்களே! ஒரு மரம் நம்மிடம் கேட்பது என்ன? தண்ணீரா? தண்ணீரை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். மழைகூட ஊற்றும்! மரம் கேட்பது அங்கீகாரம். நேற்றுவரை இந்த ஊர் மரங்கள் அநாதைகள். எண் இல்லை, கோப்பு இல்லை, நாளைக்கு இறந்தால் எந்தப் பதிவேட்டிலிருந்து நீக்குவது என்றுகூடத் தெரியாத நிலை! இன்று? ஒவ்வோர் இலைக்கும் நான் பொறுப்பு. எண்பத்தெட்டாம் விதியை என் கையால் எழுதினேன்: காக்கப்பட்ட மரம் ஒன்று இறந்தால், அன்றே இயக்குநர் பதவி விலக வேண்டும்! (கைதட்டல்.) உலக நிழல் நகரப் பேரவை அடுத்த ஜூனில் நம் ஊருக்கு 'மரங்களின் நகரம்' என்ற பட்டம் தர வருகிறது. எத்தனை மரம் இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. எத்தனை விதி இருக்கிறது என்றே கேட்டார்கள். பெருமையோடு சொன்னேன், இருநூற்று நாற்பது!"

எர்மெலிந்தாவின் முறை வந்தது. அவள் குவரானியில் தொடங்கினாள்.

"மன்றத்துக்குப் புரியிற மொழியில பேசுங்கம்மா," என்று ஸ்பானியத்தில் சொன்னார் டாக்டர் ஒவேலார். அதிலேயே அரை நிமிடம் போயிற்று.

அவள் தனக்குத் தெரிந்த ஸ்பானியத்தைக் கூட்டிச் சேர்த்தாள். "டாக்டர், எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. மரம் தவிச்சுக் கெடக்கு. சுத்திவர ஒரு கை அகலம் சிமெண்ட எடுக்கணும். கடப்பாரை எங்களோடது, கையும் எங்களோடது. ஒரு அரை மணி நேரம் நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னா போதும்."

"நல்ல கேள்வி. ஒன்பதாம் படிவம் கொடுங்க. அதோட, சிமெண்ட எடுக்கலேன்னா மரம் இறந்துடும்ங்கிறதுக்குச் சான்று இணைக்கணும்."

"என்ன சான்று?"

"இறந்த மரத்தின் ஆய்வறிக்கை."

எர்மெலிந்தா அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தாள், தன் காதில்தான் கோளாறோ என்று. "செத்ததுக்கு அப்புறமா?"

"அதுக்கு முன்னாடி கொடுத்தா அது ஊகம் இல்லையாம்மா? சட்டம் ஊகத்து மேல நடக்காது. நேரம் முடிஞ்சது. அடுத்தவர்."

அவள் ஒன்பதாம் படிவம் கொடுத்தாள். சான்று இல்லை என்று திரும்பி வந்தது. மீண்டும் கொடுத்தாள். பாதிக்கப்பட்டவர் கையொப்பம் இல்லை என்று திரும்பியது, பாதிக்கப்பட்டவர் மரம். மூன்றாம் முறை, மரம் கையொப்பமிட இயலாமைக்கு மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். அதற்குள் ஜனவரி வந்து, வடகாற்றும் வந்தது. பித்துப் பிடிக்க வைக்கும் காற்று அது. ஆனால் நகராட்சியின் சன்னல்கள் மூடியிருந்தன.

ஒரு பிற்பகல், தெருவில் ஆளில்லாத வேளையில், எர்மெலிந்தா வேலியைத் தாண்டினாள். அறுபத்திரண்டு வயதில் கம்பி வேலி தாண்டுவது எளிதன்று, பாவாடை கிழிந்தது. அடிமரத்தில் நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை தெரியவில்லை. இன்னும் ஆழமாகக் கீறினாள். பழுப்பு. இன்னும் ஆழமாக. நகக்கண்ணில் இரத்தம் வந்தது. மரத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

திரும்பியபோது வேலிக்கு வெளியே நிமியோ நின்றிருந்தான். கையில் ஊதல் இருந்தது. ஊதவில்லை.

"எனக்குத் தெரியும் ஞா," என்றான். "டிசம்பர்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்கு மூணு பொண்ணுங்க இருக்கு."

"அந்த மூணும் எங்கடா நிக்கும்?" அவள் கம்பியை இரு கைகளாலும் பிடித்து உலுக்கினாள். "நாளைக்கு இந்த ஊர்ல, இந்த வெயில்ல, ஒன் பொண்ணுங்க எந்த நெழல்லடா நிக்கும்? ஒன் புத்தகத்தப் பிரிச்சுத் தலையில வச்சுக்குமா?"

அவன் ஊதலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பிப்ரவரி கடைசியில் மரம் பட்டுப்போனது தெருவிலிருந்தே தெரிந்தது. மறைக்க இலை ஒன்றும் மிச்சமில்லை. உலர்ந்த கிளை மேயரின் கார்மேல் விழக்கூடும் என்று எவரோ சொன்னார். ஒரு கை அகலச் சிமெண்டை உடைக்க ஐந்து மாதமும் மூன்று படிவமும் போதாதிருந்த அதே இயக்ககத்துக்கு, அந்த மரத்தை அறுக்க நாற்பது நிமிடம் போதுமானதாக இருந்தது. படிவம் ஏதும் கேட்கவில்லை. ஆணி அடித்த பலகையைப் பத்திரமாகக் கழற்றி வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் எண்பத்தெட்டாம் விதி? மரம் இறந்தால் இயக்குநர் விலக வேண்டும் என்று அவரே, கைதட்டலுக்காக, எழுதிய விதி? எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதை மன்றத்தில் வாசித்துக் காட்டினார். டாக்டர் ஒவேலார் அன்றிரவு முழுவதும் ஸ்பானிய நூலைப் படித்தார். அதில் தப்பிக்க வழியில்லை. நிற்கிற மரத்துக்கு அம்மொழியில் ஒரு சொல், அறுத்த மரத்துக்கு வேறொரு சொல். விடிந்ததும், வாழ்நாளில் முதல்முறையாக, குவரானி நூலைத் திறந்தார். தாய்மொழிப் பற்று அவருக்கு அன்று காலை பத்தேகால் மணிக்கு வந்தது.

நிமியோ எங்கும் 'இவுரா' என்று எழுதியிருந்தான். அவன் வேறெப்படி எழுதுவான்? அம்மொழியிலும் நம் மொழியைப் போலவே வேரோடு நிற்பதும் மரம். அறுத்து இழைத்துக் கதவாக நிற்பதும் மரம். இவுரா பூக்கும்; இவுராவில் நாற்காலியும் செய்யலாம். எளிய மக்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தது, ஒன்றில் மற்றொன்றின் நினைவு அறாதிருக்கட்டும் என்ற பண்பினால் இருக்கலாம். டாக்டர் ஒவேலாருக்கு அது ஓட்டையாகத் தெரிந்தது; அவர் அளவுக்குச் சரியாகப் பொருந்திய ஓட்டை.

"கனம் உறுப்பினர்களே!" என்றார் அவர் மன்றத்தில், கண் கலங்கி. "நம் அன்னையர் பேசிய மொழியை அவமதிப்பதா? அம்மொழியில் இவுராவுக்குச் சாவு இல்லை! மரம் எண் ஒன்று இறந்தது என்று சொல்கிறவர்கள் அந்நிய மொழியில் சிந்திக்கிறவர்கள். மரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. வெயிலில் நின்றது, இனி குளிரூட்டிய அறையில் இருக்கும். பூச்சி அரித்தது, இனி மெருகெண்ணெய் பூசப்படும். இதைவிடப் பெரிய காப்பு எந்த மரத்துக்கு, எந்த நாட்டில் கிடைத்திருக்கிறது?"

அவ்வாறே லபாச்சோவின் அடிமரம் பலகைகளாக அறுக்கப்பட்டு, நகர வனக் காப்பு இயக்ககத்து மன்றக் கூடத்தின் நீள்வட்ட மேசையாயிற்று. இருபத்திரண்டு பேர் அமரலாம். தலைமாட்டில் பழைய பலகையை, அதே நான்கு ஆணிகளால் அடித்தார்கள். பதிவேட்டில் நிமியோ எழுதினான்: "மரம் எண் ஒன்று. இடம்: இரண்டாம் மாடி. நிலை: நலமாக உள்ளது."

மூலையில் இரும்பு வேலி மட்டும் நின்றது, பச்சைச் சிமெண்டைக் காத்துக்கொண்டு. எர்மெலிந்தா அதன் ஓரத்தில் ஒரு கிழிந்த குடையை நட்டு இடித்தாள். வந்தவர்களிடம் அதிகம் பேசுவதில்லை. தெக்லா மட்டும் இருவருக்குமாகப் பேசினாள்.

ஜூன் முதல் நாள் நிமியோ ஒரு காகிதத்தோடு வந்தான். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. எர்மெலிந்தாவுக்குக் கண் மங்கல். தெக்லா வாங்கி உரக்கப் படித்தாள்.

"விதி நூற்று மூன்று. காக்கப்பட்ட மரத்துக்கு மிக அருகில் தொழில் செய்பவர் அதன் அண்டை ஆவார். அண்டை, நாள்தோறும் ஒரு வாளி நீர் மரத்துக்கு ஊற்றக் கடமைப்பட்டவர். மார்ச் முதல் நாள் தொடங்கி மே முப்பத்தொன்று வரை, தொண்ணூற்றிரண்டு நாள்கள், மரம் எண் ஒன்றுக்கு நீர் ஊற்றப்படவில்லை. விடுபட்ட நீரைப் பத்து நாளைக்குள் ஊற்றத் தவறினால் உரல் பறிமுதல் செய்யப்படும். நீர் ஊற்றுவதைத் தடுப்பவரும் தண்டனைக்குரியவர்."

தெக்லா சிரிக்க வாயெடுத்தவள், எர்மெலிந்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கையெழுத்து யாருது தம்பி?" என்றாள் எர்மெலிந்தா.

"டாக்டரோடது. பதிவேட்டுல மரம் நல்லாருக்குன்னு இருக்கு. தண்ணி ஊத்துன கணக்கு இல்ல. அதனால நோட்டீஸ் தானா அடிச்சு வந்துடும். அவரு படிக்காமத்தான் போடுவாரு, ஞா."

"பட்டம் குடுக்குற ஆளுங்க என்னிக்கு வர்றாங்க?"

"வியாழக்கிழம. பத்து மணிக்கு." சொன்ன பிறகுதான் ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் திரும்பிப் பாராமல் போய்விட்டான்.

வியாழன் காலை பத்தரை மணிக்கு எர்மெலிந்தா, ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை உடுத்தி, விளிம்பு தளும்பும் வாளியோடு நகராட்சி மாளிகைப் படியேறினாள். வாசற்காவலன் கை நீட்டி மறித்தான்.

"எங்க பாட்டிம்மா, வாளியும் கையுமா?"

அவள் காகிதத்தை நீட்டினாள். அவன் முத்திரையைப் பார்த்தான், கையெழுத்தைப் பார்த்தான், கடைசி வரியை இரண்டு முறை படித்தான். வழி விட்டான்.

இரண்டாம் மாடியில் மன்றம் நிறைந்திருந்தது. பேரவையிலிருந்து வந்த மூவர், நாட்டின் இரு மொழியும் அறிந்த தங்கள் மொழிபெயர்ப்பாளரோடு, மேசையின் மெருகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவே, கண்ணாடிச் சட்டமிடாத தோல்தாளில், பொன் மையில், பட்டயம். டாக்டர் ஒவேலார் எழுந்து நின்றிருந்தார்.

"இதோ, நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பதுதான் மரம் எண் ஒன்று. முழு நலத்தோடு..."

"மன்னிச்சுக்குங்க டாக்டர்," என்று குவரானியில் சொல்லிக்கொண்டே எர்மெலிந்தா உள்ளே வந்தாள். "தண்ணி ஊத்த வந்தேன்."

எவருக்கும் புரிவதற்குள் வாளி சாய்ந்தது. நீர் மேசையின் நீளம் முழுவதும் விரிந்து ஓடி, அறிக்கைகளைத் தூக்கி மிதக்கவிட்டு, பட்டயத்தின் பொன்னெழுத்தைக் கரைத்து, விருந்தினர் மடியில் சொட்டியது.

"யாருய்யா இவள உள்ள விட்டது? காவல்! காவல்!"

"நோட்டீசு டாக்டர். உங்க கையெழுத்துதான். தடுத்தா தண்டனைன்னு போட்டிருக்கு." அவள் ஒதுங்கி நின்றாள். பின்னால் தெக்லா, தன் வாளியோடு. "இது ரெண்டாவது நாளுக்கு."

தெக்லாவின் வாளி சாய்ந்தது. அவளுக்குப் பின்னால் சந்தையின் மூலிகைக்காரிகள், சீப்பா ரொட்டி விற்பவள், துறைமுகத்துச் சலவைக்காரிகள்; வரிசை வாயிலைத் தாண்டி, மாடிப்படியில் இறங்கி, தெருவைக் கடந்து, பச்சைச் சிமெண்ட் மூலைவரைக்கும் நின்றது. ஒவ்வொரு கையிலும் வாளி. காவலர்கள் இருவர் ஓடி வந்தார்கள். நிமியோ காகிதத்தின் கடைசி வரியை அவர்களுக்கு மெல்ல வாசித்துக் காட்டினான். மூன்றாவது வாளி விழுந்தது. நான்காவது. மேசையின் மெருகு வெளுத்தது. டாக்டர் ஒவேலாரின் உயரக் குதிக் காலணிக்குள் தண்ணீர் புகுந்தது.

ஐந்தாவது வாளியில் அவர் உடைந்தார். சினம் தலைக்கேறியபோது வாயில் வந்தது ஸ்பானியம் அன்று. அவர் தாயின் அடுக்களை மொழியான குவரானி.

"பைத்தியக்காரிங்களா! யாருக்குடி ஊத்துறீங்க? இது செத்த மரம்! செத்து நாலு மாசம் ஆச்சு! செத்துப்போச்சுன்னு ஊருக்கே தெரியும்!"

பேரவையின் மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். அவர் அதைச் சொல் விடாமல் மூவருக்கும் பெயர்த்துச் சொன்னார்.



"சான்று கேட்டீங்களே," என்றாள் எர்மெலிந்தா. குரல் உயரவில்லை. "செத்ததுக்கு அப்புறந்தான் குடுக்கணும்னு சொன்னீங்களே. இப்பக் குடுத்துட்டீங்க. ஒரு கை அகலம் கேட்டேன் டாக்டர். ஒரு கை அகலம்."

நிமியோ நனையாத ஓர் ஓரத்தில் பதிவேட்டைத் திறந்தான். 'நலமாக உள்ளது' என்ற சொற்களை ஒரே கோட்டால் அடித்தான். பக்கத்தில் எழுதினான்: "இறந்தது. சொன்னவர்: இயக்குநர்." எழுதி முடித்து நிமிர்ந்தான். அறுபதாகத் தெரிந்தவன் நாற்பத்தைந்தாகத் தெரிந்தான்.

"எழுதிட்டேன் ஞா. எண்பத்தெட்டாம் விதி இன்னிக்கே நடக்கும். இனி ஊத்த வேண்டியதில்ல."

எர்மெலிந்தா ஈர மேசையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். இருபத்தொன்பது ஆண்டுகள் முதுகு சாய்ந்த மரம். எத்தனை ஊற்றினாலும் இது தளிர்க்கப் போவதில்லை என்று அந்த அறையில் மற்ற எவரைவிடவும் அவளுக்கே நன்றாகத் தெரியும்.

"தொண்ணூத்திரண்டுன்னு போட்டிருக்கு," என்றாள். "இதுவரைக்கும் அஞ்சுதான் ஆயிருக்கு. வழி விடு தம்பி."

படியில் நின்றவர்கள் வாளிகளை முன்னே நகர்த்தினார்கள்.